ஆண்கள் உடுத்தும் வெள்ளைப் பாவாடை

ஆக்லாந்தில் நான் முதலில் கற்றுக்கொண்ட கிரேக்கச் சொல் என் பெயர்தான்.

கலாவதி என்று பெயர் வைத்தார்கள். எல்லோரும் கூப்பிடுவது கலா. கும்பகோணத்தில் பரதநாட்டிய உடைகள் தைத்துக் கொடுக்கும் ஒரு சிறு கடை வைத்திருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்ச் மாதம், தம்பி சேகர் வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. ஆக்லாந்தின் ஒரு பக்கம் எல்லர்ஸ்லியில் அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை, இன்னொரு பக்கம் ஹென்டர்சனில் வீடு. அவன் மனைவி மாலதிக்குக் குழந்தை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. "பத்தியம் பாக்க ஆளே இல்லக்கா. நீ வந்தா போதும்" என்று போனில் சொன்னான். கடையை உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் விட்டுவிட்டு, பூண்டும் சுக்கும் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டேன். பூண்டு விமான நிலையத்தோடு போயிற்று. சுக்கை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு அனுமதித்தார்கள்.

ஹென்டர்சனில் என்னை முதலில் ஆச்சரியப்படுத்தியது தெருவின் அமைதி. காலை எட்டு மணிக்கு மேல் மனித நடமாட்டமே கிடையாது. இரண்டாவது ஆச்சரியம் காற்று. ஒரே பகலில் வெயில், மழை, குளிர், மறுபடி வெயில் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும். கொல்லையில் குடை மாதிரி விரிந்து சுழலும் ஒரு துணிக்கொடி இருந்தது. மூன்றாம் நாள் அதில் குழந்தையின் துணிகளைக் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தேன். திரும்பிப் பார்த்தால் பாதித் துணிகள் வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு எலுமிச்சை மரத்தில் தொங்கின.

அந்த வீட்டிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். கறுப்புப் பாவாடை, கறுப்புச் சட்டை, கறுப்புக் காலுறை. தலைமுடி மட்டும் வெளுப்பு. கன்னியாஸ்திரி என்று நினைத்துக் கை கூப்பினேன். அவர் சிரித்துக்கொண்டே துணிகளை ஒவ்வொன்றாக மடித்து வேலிக்கு மேலாகக் கொடுத்தார். பெயர் எலேனி. என் பெயரைக் கேட்டார், சொன்னேன்.

"கலாவா? எங்கள் மொழியில் கலா என்றால் நலம், நல்லது! யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் 'கலா' என்போம். இனி தினமும் உன் பெயரைச் சொல்வேன்."

அவருடைய ஆங்கிலமும் ஓட்டை, என்னுடையதும் ஓட்டை. அதனால் இருவருக்கும் நன்றாகப் புரிந்தது. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. எலேனி அக்கா என்றேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

மறுநாள் காபிக்கு அழைத்தார். கும்பகோணத்துக்காரிக்குக் காபி பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற திமிரோடு போனேன். சின்னஞ்சிறு கிண்ணத்தில் கொழகொழவென்று கறுப்பாக ஒன்று வந்தது. ஒரே மூச்சில் குடித்தேன். அடியில் இருந்த மண்டி முழுவதும் வாயில். எலேனி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அதைக் குடிக்கக் கூடாதாம். மெதுவாக உறிஞ்சிவிட்டு மண்டியை அப்படியே விட்டுவிட வேண்டுமாம். பிறகு திராட்சை இலைக்குள் சோறு வைத்துச் சுருட்டி வேகவைத்த பண்டம் கொடுத்தார். எலுமிச்சைப் புளிப்பும் புதினாவுமாக அது தொண்டையில் இதமாக இறங்கியது. ஏழு சாப்பிட்டேன்.

அப்போதுதான் என் ரவிக்கையின் கை ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இது மெஷின் தையல் இல்லையே. யார் தைத்தது?"

"நான்தான்."

தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். திறந்ததும் வெள்ளை வெளேரென்று துணி பொங்கி வழிந்தது. முழங்கால் அளவுக்கு ஒரு பாவாடை. இடுப்பிலிருந்து கீழே நூற்றுக்கணக்கில் மடிப்பு.

"என் கணவருடையது" என்றார்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன். அவருடைய கணவருடையதுதான். தங்கள் நாட்டு மலைப்பகுதிகளில் ஆண்கள் உடுத்தும் உடை, ஃபுஸ்தனேலா என்று பெயர், போர் வீரர்கள் அணிந்தது என்று விளக்கினார். நானூறு மடிப்பு இருக்க வேண்டும், துருக்கியரின் கீழ் அடிமைப்பட்டுக் கிடந்த நானூறு ஆண்டுகளை நினைத்து, வருஷத்துக்கு ஒன்று என்று சொல்வார்களாம். நான் எண்ணவில்லை. என் கண் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் நடன உடையில் விசிறி மடிப்பு வைக்கும்போது நேர் வாட்டத்தில் வெட்டிய துணியை மடித்து இஸ்திரி போட்டுத் தைப்போம். இதில் அப்படி இல்லை. நீள நீளமான முக்கோணத் துண்டுகள், மேலே விரற்கடை அகலம், கீழே கை அகலம். அத்தனையும் குறுக்கு வாட்டத்தில் வெட்டி, ஒன்றோடொன்று கையாலேயே இணைத்திருந்தது. ஆடும்போது அதனால்தான் குடைபோல் விரியும். அதைத் தைத்த முகம் தெரியாத தையற்காரருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

விஷயம் இதுதான். எலேனி அக்காவும் கணவர் ஸ்டாத்திஸும் முப்பது வருஷம் இங்கே மீனும் உருளைக்கிழங்கும் வறுத்து விற்கும் கடை நடத்தியவர்கள். ஆக்லாந்துக் கிரேக்கர்களின் தேசிய தினத்தில் ஆட்டத்தை முன்னின்று நடத்துபவர் ஸ்டாத்திஸ்தான். போன ஜூலையில் மாரடைப்பில் போய்விட்டார். இந்த மார்ச்சில் மகன் யானிஸ் அந்த இடத்தில் நின்று ஆட வேண்டும். அப்பாவின் பாவாடையை உடுத்தித்தான் ஆடுவேன் என்கிறான். அப்பா ஒல்லி, மகனோ குழாய் வேலை செய்கிற வாட்டசாட்டமான ஆள். இடுப்பில் நாலு அங்குலம் போதவில்லை. கடைத்தெருவில் ஒரு தையற்கடையில் காட்டியபோது, வெட்டி ஒட்டுப் போடாமல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"கத்தரிக்கோலை எடுத்தார்கள். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்" என்றார். "நீ பார்க்கிறாயா? வெட்டாமல் முடியுமா?"

இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் வழி தெரிந்தது. இடுப்புப் பட்டியை மட்டும் பிரித்து எடுத்துவிட வேண்டும். நெருக்கி அடுக்கிய மடிப்புகள் ஒவ்வொன்றையும் ஒரு நூலிழை அளவு தளர்த்த வேண்டும். ஓர் இழைதான், ஆனால் இத்தனை மடிப்பில் நாலு அங்குலம் தானாகச் சேர்ந்துவிடும். பிறகு புதிய பட்டி. அதற்குத் துணி? சேகருக்கு நான் கொண்டுவந்த புது வேட்டி பெட்டியில் அப்படியே கிடந்தது.

"எடுத்துக்கக்கா. நான் எங்க வேட்டி கட்டப் போறேன்?" என்றான்.

ஆக, கிரேக்க வீரனின் இடுப்பைச் சுற்றிக் கும்பகோணத்து வேட்டித் துணி ஏறியது.

குழந்தை தூங்கும் நேரமெல்லாம் எலேனி அக்காவின் சமையலறை மேசையில் உட்கார்ந்து தைத்தேன். எதிரில் அவர் உட்கார்ந்து பீன்ஸ் உடைப்பார், பேசுவார். என் வேலையைப் பாராட்டும்போதெல்லாம் என்னைப் பார்த்து "ஃப்தூ, ஃப்தூ, ஃப்தூ" என்று மூன்று முறை துப்புவதுபோல் செய்வார். முதல் தடவை திடுக்கிட்டேன். பிறகுதான் தெரிந்தது, திருஷ்டி படாமலிருக்க. எங்கள் ஊரிலும் சுற்றிப்போட்டு மூன்று முறை துப்பச் சொல்வார்கள் என்றேன். அவருக்கு ஏக சந்தோஷம். பாவாடையின் உள்பக்கம் திருஷ்டிக்காக ஸ்டாத்திஸ் குத்தி வைத்திருந்த, கண் வரைந்த நீல மணியைக் காட்டினார். அதை இருந்த இடத்திலேயே விட்டேன்.

ஒருநாள் தைத்துக்கொண்டிருக்கையில் கேட்டார். "உன் தம்பி மனைவி நெற்றியில் சிவப்புப் பொட்டு வைக்கிறாள். உனக்கு இல்லை. ஏன்?"

சொன்னேன். என் கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது.

ஊசியில் நூல் கோத்தபடியே மற்றதையும் சொன்னேன். எங்களில் கறுப்பு உடுத்த வேண்டியதில்லை. ஆனால் கல்யாணம், சீமந்தம் என்றால் முன்வரிசையில் நிற்கக் கூடாது. கல்யாணப் பெண்ணின் ரவிக்கையை நான்தான் தைப்பேன். கொண்டுபோய்க் கொடுப்பது கடையில் இருக்கும் பெண். யாரும் என்னை வா என்றும் சொல்வதில்லை, போ என்றும் சொல்வதில்லை. நானே தெரிந்து ஒதுங்கிக்கொள்வேன்.

"எத்தனை வருஷத்துக்கு?"

"அதுக்குக் கணக்கு இல்லை, அக்கா."

அவர் பீன்ஸ் உடைப்பதை நிறுத்திவிட்டார். பிறகு தன் கறுப்புச் சட்டையைத் தொட்டுக் காட்டினார். "என் கிராமமாக இருந்தால் எனக்கும் கணக்கு இல்லை. சாகும்வரை கறுப்புதான். இங்கே ஒரு வருஷம் என்று நானே முடிவு செய்தேன். ஒரு வருஷம் ஆடவும் மாட்டேன். ஸ்டாத்திஸுக்காக. யாரும் சொல்லி அல்ல."

வெள்ளிக்கிழமை ஒத்திகை. மண்டபம் நகரத்தில். எலேனி அக்கா காலையிலேயே மகனோடு சமையலுக்குப் போய்விட்டார். எனக்குக் கடைசி வரிசைத் தையல் பாக்கி இருந்தது. "முடித்துவிட்டு ரயிலில் வந்துவிடுவேன்" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டேன். மாலதி காரில் கொண்டுவந்து ஸ்டேஷனில் விட்டாள். "கடைசி ஸ்டேஷன்ல எறங்கணும்க்கா. நடுவுல எறங்கிடாதீங்க."

இரண்டே பெட்டி, டீசல் வண்டி. மொத்தம் எட்டுப் பேர். பாவாடைப் பையைத் தலைக்கு மேல் பலகையில் வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தஞ்சாவூர் பாசஞ்சரில் இந்த நேரத்துக்கு நாலு பேர் என் ஊர், சாதி, பிள்ளைகள் எல்லாம் விசாரித்து முடித்திருப்பார்கள். இங்கே எதிரில் இருந்தவர் ஒரு முறை புன்னகைத்துவிட்டுப் பத்திரிகைக்குள் போய்விட்டார்.

நியூமார்க்கெட் என்ற ஸ்டேஷனில் வண்டி நின்றது. நின்றதும் டிரைவர் இறங்கி, பிளாட்பாரத்திலேயே நடந்து பின்பக்கம் போய் ஏறினார். வண்டி வந்த திசையிலேயே திரும்பிப் போகப் போகிறது! இதுதான் கடைசி ஸ்டேஷன் போலிருக்கிறது, மறுபடி ஹென்டர்சனுக்கே கொண்டுபோய்விடுவார்கள் என்று நினைத்து, கதவு மூடுமுன் குதித்து இறங்கினேன். வண்டி புறப்பட்டுக் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் கை வெறுமையாக இருப்பது உறைத்தது.

அந்த வண்டி அங்கே திசை மாறித்தான் நகரத்துக்குள் போகும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பிளாட்பாரத்தில் நின்று வாய்விட்டு அழுதேன்.

"அக்கா, தமிழோ? ஏன் அழுறீங்கள்? என்ன நடந்தது?"

டை கட்டிய ஒருவர். நடுவயது. மன்னார்க்காரர், பெயர் அன்ரன், அங்கே ஒரு அலுவலகத்தில் கணக்காளர். அழுகையோடு அழுகையாகச் சொன்னேன்.

"ஓம், விளங்குது. பயப்படாதேங்கோ. அந்த வண்டி கடைசி ஸ்டேசனிலை கொஞ்ச நேரம் நிக்கும். நான் கதைச்சுப் பாக்கிறன்" என்றார். பொதுத் தொலைபேசியில் இரண்டு மூன்று இடத்துக்குப் பேசினார். யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை போலிருக்கிறது. அவர் முகம் சுருங்கியது. "சரி, வாங்கோ. அடுத்த ரெயினிலை நானும் வாறன்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"வீட்டை போய் ரிவிதான் பாக்கப்போறன். வாங்கோ அக்கா."

அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். எலேனி அக்காவிடம் என்ன சொல்வது என்று ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எதுவும் சரியாக வரவில்லை. இறந்துபோன மனிதரின் துணி. கத்தரிக்கோல் படக்கூடாது என்று பிடுங்கி வந்த துணி. அதை நான் முழுசாகத் தொலைத்துவிட்டேன்.

கடைசி ஸ்டேஷனில் இறங்கியதும் அன்ரன் ஓட்டமும் நடையுமாகப் போனார். சேலை கட்டியவள் விட்டுப்போன பை என்று வண்டியில் யாரோ சொல்லியிருக்க வேண்டும்; கவுண்டருக்குப் பின்னால் இருந்த அம்மாள் என் சேலையைப் பார்த்ததும் குனிந்து பையை எடுத்து மேலே வைத்தார். ஏதோ சொன்னார். அன்ரன் சிரித்தார்.

"கலியாணப் பொம்பிளையின்ரை உடுப்பு எண்டு நினைச்சவவாம். பாவம், எந்தப் பிள்ளையின்ரை கலியாணம் நிண்டு போகப்போகுதோ எண்டு கவலைப்பட்டுக் கொண்டு இருந்தவவாம்."

அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

மண்டபத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். எலேனி அக்கா வாசலில், சாரல் மழையில், குடை இல்லாமல் நின்றிருந்தார். பையை அவர் பார்க்கவே இல்லை. என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். "எங்கே போனாய்? உனக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் நான் செத்துவிட்டேன்!"

மறைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. முடியவில்லை. தொலைத்ததையும் கிடைத்ததையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் "ஃப்தூ, ஃப்தூ, ஃப்தூ" என்று மூன்று முறை துப்பிவிட்டு, அன்ரனையும் என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட உட்காரவைத்தார். உப்புக் கருவாட்டை ஊறவைத்து மாவில் தோய்த்துப் பொரித்தது, தொட்டுக்கொள்ள மையாக அரைத்த பூண்டுத் துவையல். விமான நிலையத்தில் விட்ட பூண்டு அத்தனைக்கும் ஈடாக அன்று சாப்பிட்டேன்.

ஞாயிறன்று சேகரும் மாலதியும் குழந்தையும் நானும் போனோம். தேவாலயத்தில் சாம்பிராணிப் புகை, பிறகு மண்டபம். நான் எங்கே திரும்பினாலும் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். "எப்படி இருக்கிறாய்?" "கலா, கலா!" அரை மணி நேரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலித்தது.

பெண்களின் உடைகளைப் பார்க்க இரண்டு கண் போதவில்லை. தீவுக்காரிகளுக்கு ஒன்று, மலைக்காரிகளுக்கு ஒன்று, சமவெளிக்காரிகளுக்கு ஒன்று. ஒரு பெண்ணின் மார்பு முழுக்கச் சங்கிலி சங்கிலியாகக் காசுகள். நடந்தாலே சலங்கைச் சத்தம். நம் காசுமாலையைக் கொண்டுவராமல் போனேனே என்றிருந்தது. வெல்வெட்டில் தங்க நூல் வேலை செய்த ஒரு சட்டையை, அனுமதி கேட்டுவிட்டு, உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கமும் வெளிப்பக்கம் போலவே சுத்தம். நல்ல தையற்காரியை அங்கேதான் அடையாளம் காணலாம்.

கிளாரினெட் எழுந்தது. யானிஸ் முன்னால் வந்தான். வெள்ளைப் பாவாடை, பூவேலை செய்த குட்டைச் சட்டை, காலில் பெரிய குஞ்சம் வைத்த செருப்பு. ஆண்கள் கைகோத்து வரிசையாக நின்றார்கள். யானிஸ் ஒரு கைக்குட்டையின் நுனியைப் பிடிக்க, மறு நுனியை அடுத்து நின்றவர் இறுகப் பிடித்துக்கொண்டார். நம் ஒயிலாட்டத்திலும் கைக்குட்டை உண்டு. ஆனால் அதை வீசுவோம். இங்கே அது ஒரு கயிறு. முன்னால் நிற்பவன் அதன் பிடியில்தான் துள்ளிச் சுழன்று, தரையைத் தொடுமளவு பின்னால் சாய்ந்து எழுகிறான். பிடித்திருப்பவர் கை தளர்ந்தால் அவ்வளவுதான்.

நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. இடுப்புப் பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். யானிஸ் எகிறிக் குதித்துத் தன் செருப்பைக் கையால் தட்டினான். பாவாடை முழு வட்டமாக விரிந்தது. பட்டி அசையவில்லை. மண்டபமே "ஓப்பா!" என்று கத்தியது. எலேனி அக்கா கத்தவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு, கண்ணீர் வழிய, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அடுத்தது எல்லோரும் ஆடும் வட்ட ஆட்டம். மேடையும் கிடையாது, பார்வையாளரும் கிடையாது. ஐந்து வயதுப் பெண்ணும் எண்பது வயதுக் கிழவரும் கைகோத்து ஒரே வட்டத்தில் நின்றார்கள். தாளத்தைக் கேட்டதும் என் காது நிமிர்ந்தது. மூன்று, இரண்டு, இரண்டு. ஏழு! நடன வகுப்புகளில் அளவெடுக்க உட்கார்ந்து உட்கார்ந்து நான் கேட்டுப் பழகிய அதே மிஸ்ர சாபு. தகிட தகதிமி, தகிட தகதிமி. என்னை அறியாமல் கால்விரல் தட்டத் தொடங்கியது.

எலேனி அக்கா அதைப் பார்த்துவிட்டார். எழுந்து என் கையைப் பிடித்தார்.

"வேண்டாம் அக்கா. நான் பின்னால நிக்கறேன். நான்..."

"தெரியும்" என்றார். "ஆடக்கூடாதவள் இன்று நான் ஒருத்திதான்."

வட்டத்தின் கடைசியில் விடுவார் என்று நினைத்தேன். நேராக முன்னால் அழைத்துப் போனார். முதல் ஆளான யானிஸுக்கும் இரண்டாம் ஆளுக்கும் நடுவே என்னை நிறுத்தினார். அது மரியாதைக்குரியவர்களின் இடம் என்று பிறகு சொன்னார்கள். யானிஸ் கைக்குட்டையின் நுனியை என்னிடம் நீட்டினான். அத்தனை பேர் பார்க்க, அத்தனை பேருக்கும் முன்னால்.

சேகரைப் பார்த்தேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவன் மறு கையால் வட்டத்தைக் காட்டினான். "போக்கா, ஆடு!" என்று உரக்கச் சொன்னான்.

ஆடினேன். அடிகள் தப்பின, எண்ணிக்கை தப்பவில்லை. சேலை தடுக்கியது, தூக்கிச் செருகிக்கொண்டேன். மூன்று சுற்று சுற்றிவிட்டு மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து, "நீங்க எப்ப ஆடுவீங்க?" என்று கேட்டேன்.

"ஜூலையில் வருஷம் முடிகிறது. அதற்குப் பிறகு."

நான் ஜூனில் ஊருக்குத் திரும்ப வேண்டியவள். காரில் வரும்போது சேகரிடம், இன்னும் இரண்டு மாதம் இருக்கட்டுமா என்று கேட்டேன். விசா இடம் கொடுக்கும் என்றான். மாலதிக்கு மறுபேச்சே இல்லை. கும்பகோணத்துக்குப் போன் செய்தபோது கடையிலிருக்கும் பெண்தான் அலுத்துக்கொண்டாள்.

ஜூலையில் விடாத மழை. ஸ்டாத்திஸின் வருஷ நினைவுநாளில் அவித்த கோதுமையில் சர்க்கரை, மாதுளை முத்து, திராட்சை கலந்து தேவாலயத்தில் எல்லோருக்கும் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து அவர்கள் உறவில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். அதே மண்டபத்தில் விருந்து. எலேனி அக்கா கருநீல உடுப்பில் வந்தார். அவரைக் கறுப்பில் மட்டுமே பார்த்திருந்த எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

கிளாரினெட் எழுந்ததும் அவர் முகம் வெளுத்தது. "மறந்துபோயிருக்கும்" என்றார். நான் எழுந்து கை நீட்டினேன். இருவரும் வட்டத்தின் வால் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டோம். முதல் சுற்றில் நாற்பது வருஷம் ஆடிய கால் தடுமாறியது. கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் சுற்றில் அடி சரியாக விழுந்தது. மூன்றாம் சுற்றில் அவர்தான் என்னை இழுத்துக்கொண்டு போனார்.